தகட்டின் இந்திப் பக்கம்

எழுதப் படிக்கத் தெரிந்த எவனையும் அந்த அம்மா சும்மா விட்டதில்லை. கல்வராயன் மலைக்கு ஊசி போட வந்த நர்ஸ், வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர், மரம் எண்ண வந்த வனத்துறை கார்டு, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், அவர்களை ஏற்றிவந்த ஜீப் டிரைவர் என்று எல்லோரையும் உட்கார வைப்பார். பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கி, உள்ளேயிருந்து செப்புத் தகடு ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்து நீட்டுவார். "படி" என்பார். மரியாதைக்கு ஒரு 'ங்க' கூடக் கிடையாது. படித்து முடித்தால்தான் குடிக்கத் தண்ணீர்.

நான் அகப்பட்டது குடும்ப அட்டைக்குப் பெயர் எழுதப் போனபோது. கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் எனக்குத் தற்காலிக எழுத்தர் வேலை. நைனார்பாளையம் பக்கம் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். யாராவது ஒன்றைக் கொடுத்துப் படி என்றால் எனக்குப் பெருமை தாங்காது. நிமிர்ந்து உட்கார்ந்து, மேடையில் படிப்பதுபோலப் படித்தேன்.

"இன்னா போட்டுருக்கு?" என்றார்.

"விடுதலைப் போராட்டத்துல உங்க வூட்டுக்காரர் பங்கெடுத்ததுக்கு நாடு நன்றி சொல்லுதும்மா."

"நெலம்?"

"நெலத்தப் பத்தி ஒண்ணும் இல்லியே."

"கண்ணு தெரியல்லியா ஒனக்கு? நல்லாப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் இந்தி. "இது எனக்குத் தெரியாதும்மா."

"அதானே. நெலம் அந்தப் பக்கத்துலதான் இருக்குது. வர்றவன் ஒருத்தனுக்கும் அந்தப் பக்கம் தெரிய மாட்டேங்குது. நீங்கல்லாம் இன்னாதான் படிச்சிக் கிழிச்சிங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சிரித்ததை நினைத்தால் இன்று கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த அம்மாவின் கணக்கில் தவறே இல்லை. அந்த மலையை ஜமீன்போல ஆண்ட ஜாகிர் வீட்டின் முன்னோருக்கு எப்போதோ ஒரு ராஜா ஒரு செப்புத் தகடு கொடுத்தாராம். அதை மலையில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தகட்டின் பேரில்தான் மலை, ஓடை, மரம், தேன், மனிதர்கள் எல்லாம் ஜாகிருக்குச் சொந்தமாயின. வீட்டுக்கு ஓர் ஆள் கூலியில்லாமல் வேலைக்குப் போக வேண்டும். விளைந்த சாமையில் அவர்கள் அளந்ததுபோக மிச்சம்தான் வீட்டுக்கு. நாடு சுதந்திரம் அடைந்து வெகுகாலம் வரை அங்கே இதுதான் சட்டம். பிறகு ஜாகிர் போயிற்று, அரசாங்கம் மலையேறியது. ஒரு நாள் அரசாங்கமே இவர் கணவரைக் கூப்பிட்டு, சிங்கமுத்திரை போட்ட செப்புத் தகடு கொடுத்தது. செப்புத் தகடு என்றால் என்ன என்று அந்த மலைக்குத் தெரியாதா?

"ராசா குடுத்த தகட்டுக்கு மொத்த மலையும் போச்சு. சர்க்கார் குடுத்த தகட்டுக்கு என் காடு ஒண்ணரை ஏக்கரு கூடவா இல்ல?" என்று கேட்பார். இதற்கு இந்த நாட்டில் எந்தப் பேராசிரியர் பதில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒன்றரை ஏக்கர்தான் அவருடைய பிரச்சினை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் கையால் சாமை விதைத்த காடு. மலையை அளந்தபோது வனத்துறைக் கோடு அவர் நிலத்துக்கு இந்தப் பக்கமாக விழுந்து, நிலம் காட்டுக்குள் போய்விட்டது. காப்புக்காடு, காலி செய் என்று கார்டு வருவான். இவர் தகட்டைக் காட்டுவார். சிங்கத்தைப் பார்த்துவிட்டு அவனும் கொஞ்ச நாள் ஒதுங்கிப் போவான். அவனுக்கும் இந்தி தெரியாது.

ஒருமுறை தகட்டைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். கடுக்காயும் புளியும் வாங்கும் ஒரு பாய் கடைக்கு அவர் வழக்கமாகச் சரக்குப் போடுவார். பாய் வீட்டில் உருது பேசுவதைக் கேட்டிருக்கிறார். அது போதுமே. நான் கடைவாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், இத்தப் படி."

பாய் கண்ணாடியை மாட்டி, தகட்டை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "எனக்குப் பேசத்தாம்மா வரும். எங்க எழுத்து வேற, இந்த எழுத்து வேற."

"பேசறத எழுதத் தெரியாதா? அது இன்னா பாய் பாஷை?"

"உனக்குத் தமிழ் பேசத் தெரியுது. எழுதத் தெரியுதா?"

"எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? உனக்குப் பள்ளிக்கூடம் இருந்துச்சு இல்ல?"

பாய் என்னைப் பார்த்து, "தம்பி, இந்தம்மா வந்தா அன்னிக்கு எனக்கு வியாபாரம் கம்மி, பரீட்சை ஜாஸ்தி" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. தகட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கணவர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்பதை அவர் என்னிடம் மறைத்ததே இல்லை. கடுக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னார். களத்தில் சாமை குவிந்திருந்தது. ஜாகிர் ஆள் அளக்க வந்தான். அந்த வருஷம் மழையில்லை, விளைந்ததே கொஞ்சம். அதையும் அள்ளப் போனவனை இவர் கணவர் கொம்பால் அடித்தார். பல் இரண்டு போயிற்று. பதினோரு மாதம் சிறை. அந்த நேரத்தில் சிறை முழுக்க வெள்ளைக்காரனை எதிர்த்துப் போனவர்கள். இவர் பெயரும் அதே ரிஜிஸ்டரில் ஏறியது. பல வருஷம் கழித்து, மலையில் ஒரு தியாகியாவது வேண்டும் என்று தேடிய யாரோ ஓர் அதிகாரி அந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார். தியாகி கிடைத்துவிட்டார்.

"வெள்ளக்காரன இவரு பாத்ததே இல்ல. ஜெயிலுக்குப் போயிதான் பாத்தாராம். செவப்பா, வேர்த்துக்கினு நின்னுதாம், பாவம்" என்றார்.

தகடு வந்த இரண்டாம் வருஷம் காய்ச்சலில் கணவர் போய்விட்டார். பென்ஷனுக்கு, கூடச் சிறையிலிருந்தவரின் சான்று கேட்டார்கள். அதே கொட்டடியில் கூட இருந்தவர் ஆடு திருடியவர், அவர் சான்று செல்லாது. ஆகவே தகடு மட்டும் மிச்சம்.

நான் தாலுகா ஆபீசில் இருந்த அந்த வருஷம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. கீழே சமவெளியில் எங்கள் சாதிக்காரர்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை. வடநாட்டு ரிசர்வ் போலீஸ் லாரி லாரியாக வந்து இறங்கியது. ஊர்ஊராகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்டது நியாயம். படிப்பும் வேலையும் இல்லாத வீட்டில் பிறந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒலிபெருக்கியில் பேசியவர்கள், நாங்கள் வாரத்துக்கு உழுதவர்கள், எங்கள் பிள்ளைக்கு ஒரு சீட் கொடு என்று மட்டும் பேசவில்லை. நாம் ஆண்டவர்கள், ராஜா வம்சம் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். சீட் கேட்க வம்சம் எதற்கு என்று எனக்கு அன்றே எரிச்சலாக இருந்தது. அதைவிட மோசமான வேலையை நானே செய்யப் போகிறேன் என்பது தெரியாமல் எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

டெப்டி தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் தம்பி, மலையில ஒரு தியாகி பொண்டாட்டி இருக்குதாமே?"

"ஆமாங்க சார்."

"ஊரு பூரா சாதி சாதின்னு மரத்த வெட்டிக்கினு கெடக்குது. இப்பப் போயி நாடு, தியாகம், ஒத்துமைன்னு ஒரு விழா போடச் சொல்லி மேலருந்து உத்தரவு. மலையிலருந்து ஒரு ஆளு மேடையில நின்னா எவ்ளோ எடுப்பா இருக்கும்! விழா மலருக்கு ரெண்டு பக்கம் நீ எழுதிடு. நீதான் நல்லா எழுதறியே."

நான் நடந்ததைச் சொன்னேன். களம், சாமை, கொம்பு, பல் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல வெள்ளக்காரன் எங்கய்யா?" என்றார்.

"இல்லீங்க சார். ஜாகிர் ஆளுதான்."

"ஜாகிர் வூட்டுப் பேரன் விழாவுல முன் வரிசையில உக்காரப் போறாரு. வெள்ளக்காரன் வரப் போறதில்ல. யாரத் திட்டினா விழா நல்லபடியா முடியும்னு நீயே சொல்லு."

நான் குறிப்பு நோட்டைப் பிரித்தேன்.

"அந்தாளு கையில ஒரு கொடியக் குடு. மலை உச்சியில ஏத்துனான்னு போடு. முடிக்கும்போது கண்ணு கலங்கற மாரி ஒரு வரி. அவ்ளோதான். உன் வேலைய நிரந்தரமாக்கற ஃபைலும் எங்கிட்டதான் கெடக்குது."

எழுதினேன். பயந்து எழுதினேன் என்று சொன்னால் பொய். ஆசையாக எழுதினேன். கொடியை ஏற்றினேன், காற்றை வீசச் செய்தேன், துப்பாக்கி நீட்டிய ஒரு வெள்ளைக்காரனையும் மலைக்கு நடத்திக்கொண்டு போனேன். எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

ஆனால் நான் மலையேறிப் போய் அழைத்தபோது அந்த அம்மா இறங்கி வர மறுத்துவிட்டார். "நான் எறங்குனா கார்டு எல்லக் கல்லு நட்டுடுவான். நான் வர்ல."

"தகட்ட எடுங்கம்மா. இப்ப நான் கொஞ்சம் இந்தி கத்துக்கினேன்" என்றேன்.

எடுத்தார். இந்திப் பக்கத்தில் ஒரு வரியின் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல நடித்தேன். "இதோ. நெலம்னு வருது. விழாவுக்கு வர்ற பெரிய அதிகாரிக்கு முழுசாப் படிக்கத் தெரியும். அவரு மைக்குல படிச்சிட்டாருன்னா அப்புறம் எந்தக் கார்டும் கிட்ட வர முடியாது."

என் விரல் இருந்த இடத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அந்த வரியைத் தன் விரலாலும் தடவினார். பிறகு எழுந்துபோய் எனக்குச் சாமைச் சோறு போட்டு, அதன்மேல் தேன் ஊற்றினார். அதையும் சாப்பிட்டேன்.

பஸ் இல்லாததால் நடந்தே இறங்கினோம். கச்சிராயபாளையத்துக்கு அருகில் மரம் சாய்த்து உட்கார்ந்திருந்தவர்களில் என் அண்ணனும் இருந்தான்.

"இன்னாடா, சர்க்காருக்கு ஆள் புடிச்சிக்கினு போறியா?" என்றான். பக்கத்திலிருந்தவன் அந்த அம்மாவைப் பார்த்து, "ஆயா, நீயும் எங்களோட உக்காரு. அந்த மலைய அந்தக் காலத்துல ஆண்டதே நம்ம ஆளுங்கதான்" என்றான்.

அந்த அம்மா நின்றார். "ஆண்டது நீங்கதானா? அப்ப எங்க களத்துல சாமைய அள்ளிக்கினு போனதும் நீங்கதான். எப்பத் திருப்பித் தருவிங்க?"

என் அண்ணன்தான் முதலில் சிரித்தான். அவனே கைகொடுத்து அவரை மரத்தைத் தாண்டி விட்டான்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில். சுற்றிலும் தடியோடு ரிசர்வ் போலீஸ். கூட்டத்தைவிட அவர்கள்தான் அதிகம். எல்லா மதமும் தெரிய வேண்டும் என்று சமாதானக் கமிட்டியில் சேர்க்கப்பட்ட புளி வாங்கும் பாய் முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார். பெரிய அதிகாரி பேசினார். நான் எழுதியதைத்தான் பேசினார். நம் முன்னோர் சாதி பார்த்தார்களா, மதம் பார்த்தார்களா, மலை உச்சியில் கொடியேற்றிய வீரனைப் பாருங்கள், நீங்களோ சொந்த மண்ணின் மரத்தை வெட்டுகிறீர்கள் என்றார். இல்லாத கொடியைக் காட்டி இருக்கிற பசியை அதட்டினார். கைதட்டினார்கள். ஜாகிர் வீட்டுப் பேரனும் தட்டினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிறையில் கிடந்தார்கள். செத்துப்போன ஒரு சிறைவாசியை வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் சிறைவாசிகளைத் திட்டத் துணிந்த அந்த நாக்குக்கு நான்தான் வார்த்தை கொடுத்திருந்தேன்.

பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அம்மா தகட்டின் இந்திப் பக்கத்தைத் திருப்பி அதிகாரியிடம் நீட்டி, "படி" என்றார். காட்டச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் அதை வாங்கி, கூட்டத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பொன்னாடை போர்த்தப் போய்விட்டார்.

அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கினார். நேராகப் போனது ஒரு வடநாட்டுப் போலீஸ்காரனிடம். இருபத்தைந்து வயதிருக்கும். தகட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவன் மிரண்டு தடியை இடம் மாற்றிப் பிடித்தான். பிறகு எழுத்தைக் கண்டதும் அவன் முகமே மாறிவிட்டது. பாய் ஓடிவந்தார். நானும் போனேன். அவன் பள்ளிப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தான். பாய் அவனிடம் ஏதோ கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பக்கம் தமிழ்ல இருக்கறதேதாம்மா இந்தப் பக்கமும் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"நெலம்?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். இல்லியாம். இவங்க ஊர்லகூட ஒருத்தர் இதே மாரி தகடு வச்சிருக்காராம். அவருக்கும் ஒண்ணும் கெடைக்கலியாம்."

அந்த அம்மா போலீஸ்காரனின் கையிலிருந்து தகட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் தம்பி. எனக்குந்தான் தெரியாது. அதுல இன்னா வெக்கம்?" என்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் என்றைக்காவது என்னை மன்னித்திருப்பேன். முடியவில்லை. சாமை அறுப்புக்கு வந்த சமயத்தில், நிலத்தைக் காலி செய்வது பற்றி வனத்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தன. நடத்தியவர் அதே டெப்டி தாசில்தார். நடப்பதை எழுதிக்கொள்ள உட்கார்ந்தவன் நான். வனத்துறை ரேஞ்சர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். விழா மலர்.

"தான் உழுத மண்ணையே தாய்நாட்டின் காலடியில் காணிக்கையாக வைத்தான் அந்த மலைமகன்" என்று வாசித்தார். "அரசாங்க மலர் சார் இது. புருஷனே நிலத்த நாட்டுக்குக் குடுத்துட்டாரு. அப்புறம் இந்தம்மாவுக்கு அதுல இன்னா பாத்தியதை?"

கண் கலங்க வைக்க நான் எழுதிய கடைசி வரி அது.

"அவரு ஒரு புடி மண்ணக் கூட எவனுக்கும் குடுக்கல. குடுக்க மாட்டேன்னுதானே ஜெயிலுக்குப் போனாரு!" என்று அந்த அம்மா கூவினார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அத எழுதுனது நாந்தான். பொய் சார் அது. கண்ணு கலங்கணும்னு நீங்கதானே..."

டெப்டி மலரை என் பக்கம் தள்ளினார். "உன் பேரு எங்கய்யா இருக்குது இதுல?"

இல்லை. யார் பெயருமே இல்லை.

"பேரு இல்லன்னா அது அரசாங்கம் எழுதுனது. உக்காரு. சொல்லச் சொல்ல எழுது."

உட்கார்ந்தேன். கார்பன் வைத்து மூன்று நகலாக எழுதினேன். மேற்படி பெண்மணியின் கணவர் நெடுங்காலம் சாகுபடி செய்து அனுபவித்து, பின்னர் நாட்டுக்கு ஒப்படைத்துவிட்ட நிலம். அதற்கு நான்கெல்லை, கிழக்கே தேன்பாறை, மேற்கே ஓடை, வடக்கே ஒற்றைக் கடுக்காய் மரம், தெற்கே நடைபாதை. இதைவிட்டு ஏழு நாளில் வெளியேற வேண்டியது. மூன்று நகலிலும் கீழே டெப்டியும் ரேஞ்சரும் கையெழுத்துப் போட்டார்கள். கைரேகை வைக்க அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"இன்னா எழுதுன? படி" என்றார்.

படித்தேன். அந்த அம்மாவுக்கு நான் ஒழுங்காகப் படித்துக் காட்டியது அன்று ஒரு நாள்தான். நான்கெல்லை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். பாறை, ஓடை, மரம், பாதை என்று விரலை மடக்கினார்.

"இதுல நெலம் வருது" என்றார். பிறகு டெப்டியிடம் திரும்பினார். "இல்லாதத எவனாவது குடுக்க முடியுமாங்க? அவரு வச்சிருந்தாருன்னு எழுதிட்டுத்தானே, குடுத்துட்டாருன்னு எழுதியிருக்கிங்க. குடுத்ததுக்குச் சாட்சி அந்தப் பொஸ்தகம். இந்தத் தம்பி பொய்யின்னுதே. வச்சிருந்ததுக்குச் சாட்சி யாரு? நீங்க ரெண்டு பேருந்தானே கையெழுத்துப் போட்டுருக்கிங்க?"

டெப்டி ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் காகிதத்தைப் பார்த்தார்.

"யோவ், அந்த நான்கெல்லைய அடிச்சிடு. சாகுபடி, அனுபவம்னு வர்றதையும் அடி. ஆக்கிரமிப்புன்னு மாத்து" என்றார் டெப்டி.

நான் பேனாவை மூடினேன். கட்டின் அடியிலிருந்த மூன்றாவது நகலை உருவி, நான்காக மடித்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கைரேகை வைக்காமலே வெளியே நடந்தார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற நீ? வேல வேணுமா வேணாமா உனக்கு?"

டெப்டியே சிவப்புப் பேனாவை எடுத்து, பாறையையும் ஓடையையும் மரத்தையும் பாதையையும் அடித்தார். மேசைமேல் இருந்த இரண்டு நகல்களில்தான் அடிக்க முடிந்தது.